என் கணவனின் மரணச் சான்றிதழ்

1

வேலை இருக்கும்வரை இந்த நாட்டில் இருக்கலாம். வேலை முடிந்தால் மூட்டை கட்ட வேண்டும். மூட்டை கட்ட மனமில்லாதவர்கள், ஓய்வுக்குப் பிறகும் தங்கிக்கொள்ள அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். "பதினைஞ்சு வருஷம் அங்கியே இருந்தவளுக்கு இன்னா புதுசா மனு?" என்று கவரைப்பேட்டையிலிருந்து ஒருத்தி எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். அவளுக்குச் சொல்கிற பதில்தான் இது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

பினாங்கில் ஒரு பிரசவ மருத்துவமனையில் ஆயாவாக இருந்தேன். எழுபத்தேழில் எனக்கு ஐம்பத்தைந்து வயது முடிந்தது. சாயங்காலம் தேநீர் கொடுத்து, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் வைத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே மகள் சுகுணா என்னைக் குடிநுழைவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். அவளுக்கு அப்போது இருபது வயது. கப்பல் கம்பெனி ஒன்றில் தட்டச்சு வேலை. மலாய் பேசுவாள், ஆங்கிலம் பேசுவாள், பக்கத்து வீட்டுச் சீனக் கிழவியோடு ஹொக்கியனில் பேரம்கூடப் பேசுவாள். தமிழ் பேசுவாளே தவிரப் படிக்க வராது. அது என் தப்பு. இரவு வேலை, பகல் வேலை என்று ஓடியதில் எழுத்துச் சொல்லித்தர உட்காரவே இல்லை.

கவுண்டரில் இருந்த மலாய் அம்மா மரியாதையானவர். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மருத்துவமனை கொடுத்த கடிதம், டாக்டர் சர்ட்டிபிகேட், சேமிப்புப் புத்தகம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து டிக் அடித்தார். சொந்த ஊர் போலீஸிலிருந்து நன்னடத்தைச் சான்று வேண்டும் என்றார். வாங்கி வருகிறோம் என்றோம். பிறகு படிவத்தில் ஒரு கட்டத்தைப் பேனாவால் தட்டி, "பாலுவா, ஜண்டாவா?" என்று என்னையே கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாலு என்று எனக்குத் தெரிந்தது கும்மிடிப்பூண்டி மில்லில் மூட்டை தூக்கின பாலு ஒருத்தன்தான். ஜண்டா என்றால் எங்கள் பக்கம் கொடி. நான் முழித்ததைப் பார்த்துச் சுகுணா சிரித்துவிட்டாள்.

"பாலுன்னா புருஷன் செத்தவங்கம்மா. ஜண்டான்னா விவாகரத்து ஆனவங்க. நீங்க பாலு." சொல்லிவிட்டு அவளே அந்த அம்மாவிடம் மலாயில், "அப்பா இறந்துட்டாரு, நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே" என்றாள்.

அந்த அம்மா தலையசைத்து, கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். "அப்படியானால் கணவரின் மரணச் சான்றிதழ் வேண்டும்."

சுகுணா சொன்னது பொய்யில்லை. அவள் அறிந்த உண்மை அது. பொய் என்னுடையது.

2

முனுசாமியை எனக்கு நாற்பத்தைந்தில் கட்டிவைத்தார்கள். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு ஊர், பெயர் வேண்டாம். அவன் அரிசி மில்லில் பாய்லர் ஓட்டினான். நல்ல வேலைக்காரன் என்று முதலாளியே சொல்வார். வேலையிடத்தில் அதிர்ந்து பேச மாட்டான். பேச வேண்டியதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவான்.

மில்லில் சக்கரங்களைச் சுற்றுகிற தோல் பெல்ட் தேய்ந்தால் அறுத்துப் போடுவார்கள். அப்படி ஒரு முழத் துண்டு எங்கள் வீட்டில் இருந்தது. சோறு குழைந்தாலும் அதை எடுப்பான், விரைத்தாலும் எடுப்பான். ஒன்றும் இல்லாவிட்டாலும், "இன்னா மூஞ்சைத் தூக்கிக்கினு கீற?" என்று எடுப்பான். ஒரு தீபாவளிக்கு என் காறை எலும்பு உடைந்தது. ஒரு பொங்கலுக்கு அடுப்பிலிருந்து உருவிய கொள்ளிக்கட்டையால் தோளில் சூடு போட்டான். லைன் வீடுகள் அவை. நான் அலறினால் எட்டு வீட்டுக்குக் கேட்கும். யாரும் வந்ததில்லை. மறுநாள் குழாயடியில், "அனுசரிச்சுக்கினு போம்மா" என்பார்கள்.

பக்கத்தில் ஒரு டாக்டரம்மா சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அவர் வீட்டில் நான் சமையல் செய்தேன். என் காயங்களுக்கு அவர்தான் மருந்து போடுவார். ஒரு தடவைகூட எப்படி ஆச்சு என்று கேட்டதில்லை. பினாங்கில் பிரசவ மருத்துவமனை நடத்திய அண்ணனிடம் போய்விட அவர் முடிவு செய்தபோது, "வர்றியா?" என்று மட்டும் கேட்டார். புருஷனை விட்டு எப்படிம்மா வர்றது என்றேன். எனக்கு அப்படித்தான் வாயில் வந்தது.

அதற்கடுத்த வாரம் சுகுணா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். அவளுக்கு ஐந்து வயது. அவன் பெல்ட்டை எடுத்தான். நான் வழக்கம்போல என் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவன் என்னைத் தாண்டிப் போய்க் குழந்தையை ஒரு காலைப் பிடித்துத் தூக்கினான். தலைகீழாகத் தொங்கவிட்டு மூன்று அடி. மூன்றாவது அடியில் குழந்தைக்குச் சத்தம் நின்றுபோனது. அழுகை இல்லை, வாய் மட்டும் திறந்திருந்தது.

மறுநாள் காலை மில் சங்கு ஊதியதும், அவன் உள்ளே போனதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் கால் வைக்கவில்லை. அவர் எங்களை மதராஸில் தன் அக்கா வீட்டில் இரண்டு மாதம் மறைத்து வைத்தார். பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போது, புருஷன் கையெழுத்து இல்லாமல் குழந்தையைக் கூட்டிப்போக முடியாது என்று தெரிந்தது. டாக்டரம்மா பேனாவை மூடினார். பிறகு திறந்து, "விதவை" என்று எழுதினார். "கன்னியம்மா, இனிமே யார் கேட்டாலும் இதான்" என்றார். அறுபத்திரண்டில் கப்பல் ஏறினோம்.

யார் கேட்டாலும் அதைத்தான் சொன்னேன். மகள் கேட்டபோதும்.

3

டாக்டரம்மா காலமாகி ஆறு வருஷம். கேட்க ஆள் இல்லை. "ஊருக்குப் போய் அப்பா சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சுகுணாவிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினேன். திரும்பி வருவதற்கு ஆறு மாதம் அனுமதி கொடுத்திருந்தார்கள். அதற்குள் வரவில்லையென்றால் மனுவே ரத்து. "அங்க போய் உக்காந்துடாதீங்கம்மா" என்று துறைமுகத்தில் சொன்னாள். அவளோடு வேலை பார்க்கும் ஒரு சீனப் பையன் என் பெட்டியைத் தூக்கிவந்தான். நண்பன் என்றாள். அவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டதில், இது நட்பு மட்டுமில்லை என்று எனக்குப் புரிந்தது.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். அவன் செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் போனேன். ஏழு நாளும் கடலைப் பார்த்து அதைத்தான் வேண்டினேன். அறுபது தாண்டியிருப்பான், பாய்லர் புகை, குடி. செத்திருப்பான். செத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும், நான் சொன்ன பொய்கூட.

பிறப்பு இறப்புப் பதிவெல்லாம் அப்போது கிராம முன்சீப்பிடம்தான். பழைய முன்சீப் போய், அவர் மகன் அந்த நாற்காலியில் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். என் தலைமுடியும் புடவை கட்டும் அவருக்கு வேற்றூராகத் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலி போடச் சொன்னார்.

"பாய்லர் முனுசாமின்னு ஒருத்தருங்க. இறந்த சர்ட்டிபிகேட் வேணும்."

"எந்த வருஷம்?"

"தெரியாதுங்க."

அவர் சிரித்தார். "முனுசாமிங்க இந்த ஊர்ல கணக்கில்லாம கீறாங்கம்மா. ஆனா பாய்லர் முனுசாமி ஒருத்தன்தான். அவன் இன்னும் சாவலியே. காலைல டீக்கடையாண்ட பார்த்தேன். கம்பெனி ஒண்ணுத்துல வாட்ச்மேனா கீறான்."

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. எதற்கும் பார்க்கலாம் என்று பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டே போனார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"அவன் பேரு இங்க வருது பாருங்க. அவன் இல்ல, அவன் மொதப் பொண்டாட்டி. கன்னியம்மா, கணவர் பெயர் முனுசாமி, வயசு முப்பத்தொம்பது. பெரியபாளையம் திருவிழாவுக்குப் போன எடத்துல வாந்திபேதி. கூடவே பொண்ணு சுகுணா, வயசு அஞ்சு. ரெண்டு பேரும். தகவல் சொன்னது புருஷன். எங்கப்பா எழுத்துதான் இது." பதிவேட்டை மூடாமல் என்னைப் பார்த்தார். "நீங்க யாரும்மா? அந்தப் பொம்பளைக்கு ஒறவா?"

"நான்தாங்க அது" என்றேன்.

அவர் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார்.

பிறகு அவரே விசாரித்துச் சொன்னார். நான் போன மறு வருஷம் முனுசாமி வேறு பெண் தேடியிருக்கிறான். பெண்ணின் அப்பா, முதல் பெண்டாட்டி உயிரோடு இருந்தால் தரமாட்டேன், பதிவில் காட்டு என்று சொல்லியிருக்கிறார். அதற்காக எங்கள் இருவரையும் கொன்றிருக்கிறான். நானும் ஒரு பேனாவால்தான் அவனைக் கொன்றேன். ஆனால் அவன் குழந்தையையும் சேர்த்து எழுதியிருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இப்ப புதுசா சட்டம் வந்திருக்கு" என்றார் முன்சீப், என் மனு விவரத்தைக் கேட்டபிறகு. "ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா விவாகரத்து சீக்கிரம் கெடைக்கும். ஆனா அவன் கையெழுத்துப் போடணும்னா நீங்க உயிரோட கீறதா அவன் ஒத்துக்கணும்."

4

அதே லைன் வீடு. கூரைக்குப் பதில் ஓடு போட்டிருந்தார்கள். வாசலில் ஒருத்தி அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்காது. இடது கண் வீங்கி மூடியிருந்தது. அரைக்கும்போது வலது கையை மட்டும் பயன்படுத்தினாள். இடது கை மடியில் கிடந்தது. அந்த உட்காருகிற விதம் எனக்குத் தெரியும். விலா எலும்பில் அடிபட்டவள் அப்படித்தான் உட்காருவாள்.

நான் யார் என்று சொன்னதும் குழவியை விட்டுவிட்டு என் பாதத்தைப் பார்த்தாள். தரையில் பாவுகிறதா என்று பார்த்திருப்பாள்.

"நீ செத்துட்டன்னு சொல்லித்தானே என்னை இங்க கட்டிக் குடுத்தாங்க" என்றாள். அவள் பெயர் மங்கா. பிள்ளைகள் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "அந்தாளு வர்றதுக்குள்ள போய்டுக்கா. குடிச்சுட்டு வந்தா பரவால்ல, தூங்கிடும். குடிக்காம வந்தாதான் பேஜாரு."

அன்று குடிக்காமல் வந்தான்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். காக்கிச் சட்டை, தலை முழுக்க நரை. தோள் மட்டும் அப்படியே இருந்தது. என்னை அடையாளம் காண அவனுக்கு நேரம் ஆகவில்லை. ஒரு நொடி முகம் வெளுத்தது. அவ்வளவுதான்.

"எங்க வந்த?"

"ஒரு கையெழுத்துக்கு வந்தேன். போட்டுட்டா போய்டுவேன். உன்னை ஒண்ணும் கேக்கல."

நான் முன்சீப் சொன்னதைச் சொன்னேன். முடிந்தவரை மெதுவாக, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டு முடித்துவிட்டு மங்காவின் பக்கம் திரும்பி, "இவளை யாருடி உள்ள வுட்டது?" என்று அவள் வயிற்றில் உதைத்தான். அவள் அம்மி மேல் விழுந்தாள். அப்புறம் உள்ளே போய்ப் பெல்ட்டை எடுத்துவந்தான். பழையது இல்லை, வேறு ஒன்று. புதுசாக, அகலமாக இருந்தது.

"போலீஸுக்குப் போவேன்" என்றேன்.

"போ. இன்னான்னு சொல்லுவ? நீதான் செத்துட்டியே. செத்தவளை அடிச்சா கேஸ் கெடையாது."

முதல் அடி கழுத்தில் விழுந்தது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் என் உடம்பு அதை மறக்கவில்லை. கை தானாக முகத்தை மூடியது, முதுகு தானாக வளைந்தது. எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. நாலைந்து அடி அப்படியே வாங்கினேன். அடுத்த அடிக்கு அவன் கையை ஓங்கியபோது பெல்ட்டின் நுனியைப் பிடித்துவிட்டேன். எத்தனை கர்ப்பிணிகளைத் தூக்கி இறக்கிய கை இது. விடவில்லை. இழுத்தேன். அவன் தடுமாறி என்மேல் விழுந்தான், இருவரும் தரையில் விழுந்தோம். அவன் முழங்கால் என் மார்பில் ஏறியது. பெல்ட்டை என் கழுத்தில் சுற்றி இரண்டு கையாலும் இறுக்கினான்.

கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் பறந்தன. நான் அவன் முகத்தைப் பிராண்டினேன், காதைப் பிடித்துத் திருகினேன், வாயில் விரல் பட்டதும் கடித்தேன். ரத்த ருசி. யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை. அவன் கோபத்தில்கூட இல்லை. வேலை பார்க்கிற முகமாக இருந்தது. பதிவில் எழுதியதைச் செய்து முடிக்கிறவன் மாதிரி.

அப்போதுதான் மங்கா குழவியைத் தூக்கிவந்தாள். அரைத்த மிளகாய் அப்பியிருந்த அம்மிக் குழவி. ஒரு கையால் தூக்க முடியாதென்று, அடிபட்ட கையையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறாள். அவன் முழங்கைமேல் போட்டாள். எலும்பு உடைகிற சத்தம் காய்ந்த விறகு முறிகிற மாதிரி கேட்டது. அவன் சுருண்டான். அவள் நிற்கவில்லை. மறுபடி தூக்கி அதே கைமேல் போட்டாள். மூன்றாவது தடவை தலைக்கு நேராகத் தூக்கியபோது நான் உருண்டுபோய் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் மங்கா. இவனுக்காக நீ செயிலுக்குப் போவாத."

அவன் அலறினான். பதினேழு வருஷம் என் அலறலுக்கு வராத எட்டு வீடும் அந்த அலறலுக்கு ஓடிவந்தது.

5

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குக் குரல் வரவில்லை. கழுத்துத் தடத்தை அளந்து எழுதினார். முதுகைத் திருப்பியவர் நிறுத்திவிட்டார்.

"இதெல்லாம் இன்னைக்கு ஆனதில்லையே."

தலையாட்டினேன்.

"பழைய காயத்தை நான் காயமா எழுத முடியாது" என்றார். படிவத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "ஆனா அடையாளத் தழும்புன்னு ஒரு எடம் இருக்கு. ரெண்டு போதும்னு வெச்சிருக்காங்க. அதுக்கு மேல எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லல." ஒவ்வொன்றாகப் பார்த்து, இடம் சொல்லி, நீளம் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதினார். காகிதத்தின் ஓரத்திலும் எழுத்து போனது.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. பேனாவை வைத்துக்கொண்டு, "பேரு கன்னியம்மா, சரி. ஆனா கன்னியம்மா பதிவுல உயிரோட இல்லையேம்மா" என்றார். முன்சீப் அவர் பக்கத்தில் நின்று, தன் அப்பா எழுதியது தவறு, இவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைச் செய்ய அவருக்கு நெஞ்சில் துணிவு வேண்டியிருந்தது. டாக்டர் எழுதிய தழும்புகளை எஸ்.ஐ. புகாரில் சேர்த்தார். நான் உயிரோடு இருக்கிறேன் என்று இந்தியாவில் எழுதப்பட்ட முதல் காகிதம் அந்தப் புகார்தான்.

மூன்றாம் நாள் முனுசாமியின் தம்பி வந்தான். மரியாதையாகவே பேசினான்.

"அண்ணி, அண்ணன் எங்க கூப்ட்டாலும் வந்து கையெழுத்துப் போடுது. நீங்க கேஸை வாபஸ் வாங்கிக்குங்க. அண்ணனும் மங்கா மேல கேஸ் குடுக்காது. மங்கா ஊட்டுக்குத் திரும்பி வரட்டும். ஆறு மாசத்துக்குள்ள நீங்க கப்பல் ஏறிடலாம்."

நான் வந்ததே அதற்குத்தான். உடனே மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறுக்கவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டேன். கவரைப்பேட்டையில் ஒரு அறை எடுத்து மங்காவோடு தங்கியிருந்தேன். அந்த இரண்டு நாளும் என் பாஸ்போர்ட்டை எடுத்து எடுத்துத் தேதியைப் பார்த்தேன். சுகுணாவின் முகத்தை நினைத்துக்கொண்டேன். மங்கா எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கழுத்தில் ஒத்தடம் கொடுத்தாள், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நீ செத்துட்டன்னு எழுதித்தான் என்னை அந்த ஊட்டுக்குள்ள தள்ளுனாங்க. இப்ப நீ உயிரோட வந்தும் நான் அங்கதான் போவணுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பவள் மாதிரி கேட்டாள்.  டாக்டரம்மா என்னை 'வர்றியா' என்று கேட்காமலே பினாங்குக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

தம்பி வந்தபோது முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்றே சுகுணாவுக்குக் கடிதம் எழுதினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வாள் என்பதால் எதையும் முழுதாக எழுதவில்லை. 'உன் அப்பா உயிரோடு இருக்கிறார். நான் பொய் சொல்லிவிட்டேன். கேஸ் நடக்கிறது. ஆறு மாதத்துக்குள் வர முடியாது.' நான்கு வரி. பதில் இரண்டு மாதம் வரவில்லை.

6

கேஸ் பொன்னேரியில் நடந்தது, விவாகரத்து திருவள்ளூரில். பதினாறு மாதம் பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்தோம். முனுசாமி ஒரு கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வருவான். ஒரு தடவை கோர்ட் வாசலிலேயே மங்காவின் முடியைப் பிடித்தான். போலீஸ்காரர் பிடித்து இழுக்கும்வரை விடவில்லை. அது அவனுக்கு எதிராகவே போனது. கழுத்தை நெரித்ததற்கும் பொய்த் தகவல் கொடுத்ததற்கும் சேர்த்து இரண்டு வருஷம் உள்ளே போனான். மங்கா அடித்தது ஒரு உயிரைக் காப்பாற்ற என்று விட்டுவிட்டார்கள். எனக்கு விவாகரத்து ஆனது. முதல் மனைவி உயிரோடு இருந்ததால், மங்காவின் கல்யாணம் கல்யாணமே இல்லை, செல்லாது என்று வக்கீல் விளக்கினார். அவள் கோர்ட் வராந்தாவிலேயே சிரித்துவிட்டாள். "பதினாலு வருஷம் சும்மாவே ஒதை வாங்கினேனா அக்கா?" என்று கேட்டாள். சிரிப்பு அழுகையாக மாறும்வரை அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது ரோட்டோரக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் வேலை பார்க்கிறாள். தனியாக இருக்கிறாள்.

அதற்குள் என் மனு ரத்தாகிவிட்டது. நடுவில் சுகுணாவிடமிருந்து கடிதம் என்று ஒரு போட்டோ வந்தது. அந்தச் சீனப் பையனோடு பதிவுத் திருமணம். பின்பக்கம் தமிழ் தெரிந்த யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்: 'அம்மாவுக்கு. காத்திருக்க முடியவில்லை.' போட்டோவில் அவள் பட்டுப்புடவையைத் தப்பான பக்கம் கட்டியிருந்தாள். கட்டிவிட ஆள் இல்லை.

எழுபத்தொன்பதில் விருந்தாளிக்கான அனுமதியில் பினாங்குக்குத் திரும்பினேன். பதினைந்து வருஷம் உழைத்த ஊரில் ஒரு மாத விருந்தாளி. மருமகன் துறைமுகத்துக்கு வந்து மறுபடியும் கும்பிட்டான். சுகுணா என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. சாப்பிட்டீங்களா, தூங்குங்க, மருந்து போட்டீங்களா, அவ்வளவுதான். 'ஏம்மா பொய் சொன்னீங்க' என்று ஒருநாள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

புது மனுப் போடுவதற்குக் காகிதங்களை அடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். (அந்த மனுவுக்கு அனுமதி வந்துவிட்டது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், ஜாமீன் சுகுணா. ஊரில் கவலைப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன்.) தீர்ப்பு நகல், புகார் நகல், முன்சீப் எழுதிய கடிதம் எல்லாம் தமிழில் இருந்தன. அவள் ஒவ்வொன்றையும் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்து ஓரமாக வைத்தாள். அடியில் டாக்டர் எழுதிய காகிதம் இருந்தது. ஆங்கிலம். அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள்.

படிக்கப் படிக்க அவள் உதடு அசைவது நின்றது. காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்துவந்து என் பின்னால் நின்றாள். என் புடவைத் தலைப்பை விலக்கினாள். ரவிக்கைக் கழுத்துக்கு மேலே, இடது தோளில் விரலை வைத்தாள்.

"இது இட்லிப் பானை சுட்டதுன்னு சொன்னீங்க."

"ம்."

"இது?" காறை எலும்பு.

"பஸ்ல விழுந்தேன்னு சொன்னேன்."

மேஜைக்குப் போய் அடுத்ததைப் படிப்பாள், திரும்பிவந்து என் முதுகில் அந்த இடத்தைத் தேடுவாள். இப்படியே ஆறு தடவை போய் வந்தாள். ஒன்றையும் விடவில்லை. கடைசியில் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டாக்டர் எழுதாதது ஏதாவது இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பழக்கம். அப்புறம் சொன்னேன்.

"ஒண்ணு இருக்கு. உனக்கு முன்னாடி ஒரு பையன் இருந்தான். வயித்துல ஏழு மாசம். உதைச்சுட்டான். பொறந்து ஒரு மணி நேரம் மூச்சு இருந்துச்சு."

 மருமகன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டான்.

"பேர் வெச்சீங்களா?"

இருபத்தெட்டு வருஷத்தில் யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில், துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவன் காதில் மட்டும் சொன்ன பெயர் அது.

"ஏழுமலை."

"ஏலுமலை" என்றாள் சுகுணா. அவளுக்கு அந்த எழுத்து வராது. சரியாக இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. நாக்கை மடித்து மறுபடி சொல்லிப் பார்த்தாள். மறுபடியும்.

நான் திருத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.